நண்பன் போய்விட்டான், நான் வேலையை விடலாமா?

கேள்வி:

“ஐயா, எனக்கு 42 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 18 வருடமாக வேலை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மேலாளர். பிடித்தம் போகக் கையில் வருவது 85,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 18,000. மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது படிக்கிறார்கள். அம்மா எங்களோடு இருக்கிறார். வீட்டுக் கடனில் இன்னும் 19 லட்சம் பாக்கி, இஎம்ஐ 24,000. மற்ற செலவெல்லாம் சேர்த்து மாதம் 48,000.

போன தை மாதம், பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த நண்பன் ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கலாம் என்று அவனும் நானும் ஐந்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ‘பசங்க படிப்பு முடியட்டும்டா’ என்று தள்ளிப்போட்டோம். இனி எதற்காகத் தள்ளிப்போடுவது? இருக்கிற நாலு நாளில் பிடித்ததைச் செய்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பிஎஃப் 21 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 6 லட்சம் இருக்கிறது. 22 லட்சத்தில் தொழிலைத் தொடங்கத் திட்டம். கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் வருமானம் குறைந்தால் பங்குச்சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து மாதம் முப்பதாயிரம் எடுத்துவிடலாம் என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்கிறார். மனைவியோ, ‘அண்ணனுக்கு நடந்தது நாளைக்கு உங்களுக்கு நடந்தா நாங்க எங்க போறது?’ என்று அழுகிறாள். ஒரே சாவைப் பார்த்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது, அவளுக்குப் பயம் வந்தது. யார் சொல்வது சரி?

பி.கு: போன வருடம் கம்பெனி செக்கப்பில் சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்றார்கள். மற்றபடி ஆரோக்கியம்தான்.”

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் மறைவுக்கு என் வருத்தங்கள். கூடப் படித்தவன் போவது அப்பா, தாத்தா போவதைப் போல இல்லை. வரிசையில் அடுத்து நாம்தானோ என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

கணவன், மனைவி வழக்கில் தீர்ப்புச் சொல்வது நிதி ஆலோசகன் வேலை இல்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு விஷயத்தில். நீங்கள் உயிரோடு இருக்கப்போகும் வருடங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். உங்கள் மனைவி நீங்கள் இல்லாமல் போகக்கூடிய வருடங்களைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலைத் தேடுவதால்தான் வீட்டில் சண்டை. தனித்தனியாகப் பிரித்தால், அவருடைய பயத்துக்குப் பெரும்பாலும் மருந்து இருக்கிறது, அதற்கு மாதத் தவணை எவ்வளவு என்றுகூடச் சொல்லிவிடலாம். உங்கள் ஆசையைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் பக்கத்தைப் பேசுகிறேன். ஆலோசகர் என்றாலே ‘வேலையை விடாதீங்க’ என்றுதான் சொல்வார் என்று நினைத்திருப்பீர்கள்.

பத்திரமாக இருந்தே நட்டப்பட்டவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அரசு வேலையில் ஓய்வு பெற்ற ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். மஞ்சள் பையில் ஐந்து வங்கிகளின் டெபாசிட் ரசீதுகள். வங்கி மூழ்கினால் ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பது அவருக்கு மனப்பாடம், அதனால் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார். பென்ஷனே செலவுக்குப் போக மிச்சமாகிறது. பத்ரிநாத், கேதார்நாத் போக வேண்டும் என்று அவர் மனைவி பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘இந்த டெபாசிட் முதிரட்டும்’ என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அந்த அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, மாடிப்படியே ஏற முடியாது. டெபாசிட் முதிர்ந்தது, திரும்பவும் போட்டார். போன முறை அவர் கேட்ட சந்தேகம், மூத்த குடிமக்களுக்குக் கால் சதவீதம் கூடுதலாகத் தரும் வங்கிக்கு மாற்றலாமா என்பது. எனக்குக் கோபம்தான் வந்தது. இவரைப் பார்த்துச் சிக்கனத்துக்கு உதாரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எச்சரிக்கைக்கும் ஒரு விலை இருக்கிறது. அது பாஸ்புத்தகத்தில் பற்றாக ஏறாது, அவ்வளவுதான்.

ஆகவே, செக்கு போட வேண்டும் என்று ஐந்து வருடமாக மனசில் கிடந்தால், அதை மகன் கல்லூரி முடிக்கும் வரை, அதாவது உங்கள் 53, 54 வயது வரை தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். மூட்டை தூக்க உடம்பு வேண்டும், தோற்றால் எழுந்திருக்க வயது வேண்டும். 42-இல் தோற்பவருக்கு இரண்டும் இருக்கிறது.

இப்போது, ‘இருக்கிற நாலு நாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்கு வருகிறேன். நாலு நாள் என்று வைத்துத் திட்டம் போட்டால் பணம் கண்டிப்பாகப் பத்தாது. தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 73-ஐ ஒட்டி இருக்கிறது. இந்தச் சராசரியில் சிறு வயதில் இறந்தவர்களும் அடக்கம். 60 வயதைத் தொட்டுவிட்ட இந்தியர் அதற்குப் பிறகு சராசரியாக இன்னும் 18 வருடம் வாழ்கிறார், பெண்கள் அதைவிடக் கொஞ்சம் கூட. உங்கள் நண்பருக்கு நடந்தது நடக்கக்கூடியதுதான், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது வேறு. 42-இல் போகாமல் எழுபதைத் தாண்டி இருப்பது, அதுவும் கடைசிப் பத்து வருடம் மாத்திரை டப்பாவோடு. உங்கள் மனைவி உங்களுக்குப் பிறகும் பத்து வருடம் இருக்கலாம். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய ஒரு லட்சம் 12 வருடத்தில் பாதி மதிப்புக்கு வந்துவிடும். பிஎஃப்போடு சேர்ந்து வரும் இபிஎஸ் பென்ஷனை எதிர்பார்க்க வேண்டாம். சம்பள உச்சவரம்பு 15,000 என்று வைத்துக் கணக்கிடுவதால், 18 வருட சர்வீஸுக்கு 58 வயதில் மாதம் நாலாயிரத்தைத் தாண்டாது.

சீக்கிரம் போய்விடும் ஆபத்து, நீண்ட நாள் இருந்துவிடும் ஆபத்து. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. முதலாவதை இன்ஷூரன்ஸில் தள்ளிவிடலாம். இரண்டாவதற்குச் சேமிப்பைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் திட்டத்தில் இரண்டாவதற்கான பணத்தை எடுத்துத் தொழிலில் போடுகிறீர்கள், முதலாவதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் மனைவி அழுவது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். செக்கு மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இருக்காது.

ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றைக்கு என்னென்ன அறுந்துபோகும் என்று பாருங்கள். சம்பளம் போகும், அது தெரிந்ததுதான். கம்பெனி எடுத்துக்கொடுத்த குரூப் மெடிக்கல் பாலிசி போகும், அதில் உங்கள் அம்மாவும் இருப்பார் என்று நினைக்கிறேன். பிஎஃப் உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் இடிஎல்ஐ காப்பீடும் போகும். இப்படி ஒன்று தனக்கு இருக்கிறது என்பதே பல பேருக்குத் தெரியாது.

உங்கள் நண்பர் வேலையில் இருந்தபோது இறந்தார் என்றால், அவர் மனைவிக்கும் இது பொருந்தும். பிஎஃப் தொகைக்கு 20-ஆம் படிவம், விதவை பென்ஷனுக்கு 10டி, இடிஎல்ஐ-க்கு 5ஐஎஃப். மூன்றும் கொடுத்தாயிற்றா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். கம்பெனி தானாகச் செய்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. நாமினேஷன் கல்யாணத்துக்கு முன் போட்டதாக இருந்து, அம்மா பெயரே நிற்கிற கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியே உங்கள் நாமினேஷனையும் பார்த்துவிடுங்கள்.

வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று டெர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது பாலிசி காலத்துக்குள் நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. ஒன்றரைக் கோடிக்குக் குறையாமல் எடுங்கள். வீட்டுக் கடன் 19 லட்சம், பிள்ளைகள் படிப்பு, மனைவிக்கு முப்பது, நாற்பது வருடச் செலவு என்று கூட்டினால் அதற்குக் கீழே வராது. சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-உம் காட்டினால் இன்று சுலபமாகக் கொடுப்பார்கள். தொழில் தொடங்கியபின் போனால் இரண்டு, மூன்று வருட வருமானவரிக் கணக்கு கேட்பார்கள். முதல் வருடம் நட்டம் காட்டியிருந்தால் அவ்வளவு பெரிய தொகைக்குத் தரவே யோசிப்பார்கள். பாலிசியைத் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874-இன் கீழ் எடுக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். தனிக் கட்டணம் கிடையாது. அப்படி எடுத்தால், நாளை தொழிலில் கடன்பட்டு நீங்கள் இறந்தாலும் அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்குத்தான், கடன்காரர் கை வைக்க முடியாது. வியாபாரத்தில் இறங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது இது. ஏஜென்ட்டுகளில் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை.

இன்னொன்று குடும்பத்துக்குத் தனி மெடிக்கல் பாலிசி. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பது இப்போதைய விதி. அந்தக் கடிகாரம் இன்றே ஓடத் தொடங்கட்டும், வேலையில் இருக்கும்வரை கம்பெனி பாலிசியின் நிழலில் இருங்கள். விலகும்போது குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வசதியும் உண்டு, எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அம்மாவுக்குத் தனியாக எடுங்கள். ஒரே பாலிசியில் சேர்த்தால் அவர் வயதுக்குத்தான் பிரீமியம் போடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பிஎஃப். இதில் நான் பிடிவாதக்காரன். அந்த 21 லட்சத்தைத் தொட வேண்டாம். அது உங்கள் முதலீட்டுப் பணம் இல்லை, உங்கள் மனைவியின் 75-ஆவது வயதுக்கான பணம். அது பிஎஃப் கணக்கில் இருக்கும்வரை எந்தக் கடன்காரரும் கோர்ட்டு மூலம்கூட ஜப்தி செய்ய முடியாது, சட்டமே காவல் நிற்கிறது. வெளியே எடுத்துச் செக்காகவும் பாட்டிலாகவும் மாற்றிய மறு நிமிடம் அந்தக் காவல் கிடையாது. அப்பாவிடம் இருந்து வந்த நிலத்தை விற்றுத் தொழிலில் போட்டு இழந்தவர்கள்கூட பிஎஃப்பால் தப்பித்திருக்கிறார்கள்.

ஆப்ஷன் டிரேடிங் பற்றி நாலு வரிக்கு மேல் எழுத எனக்கு மனசில்லை. 2024 செப்டம்பரில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஆப்ஷனும் இதில் அடக்கம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் ஆபீஸ் நண்பர் மீதி 7 சதவீதத்தில் இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அவர் இன்னும் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்?

சரி, செக்குக்கு வருவோம். கணக்குத் தாளை இரண்டு முறை படித்தேன். வாகை மரச் செக்கு, மோட்டார், கடை அட்வான்ஸ், போர்டு வரை அழகாக எழுதியிருக்கிறீர்கள், தரக்கட்டுப்பாட்டுக்காரர் என்பது தெரிகிறது. ‘ஒரு நாளைக்கு 40 லிட்டர், லிட்டருக்கு 50 ரூபாய் லாபம், மாதம் 60,000’ என்று கடைசி வரி. நாலாவது மாதத்திலிருந்து அது வரும் என்றும் போட்டிருக்கிறீர்கள்.

40 லிட்டர் என்றால் மாதம் 1,200 லிட்டர். செக்கு எண்ணெய் வாங்கும் ஒரு குடும்பம் மாதத்துக்கு எவ்வளவு வாங்கும்? மூன்று லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் உங்களுக்கு 400 குடும்பங்கள் வேண்டும், அதுவும் மாதம் தவறாமல், பக்கத்துத் தெருவில் இன்னொரு செக்கு வந்தாலும் மாறாமல். செக்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர், இந்த 400 பேர் யார் என்று எங்கேயும் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

அடுத்தது சரக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். 40 லிட்டருக்கு நாளைக்கு 100 கிலோ, மாதத்துக்கு மூன்று டன். அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது வாங்கி அடுக்கி வைப்பவர்தான் இந்தத் தொழிலில் நிற்கிறார். அதற்குக் குடோன் வேண்டும், பூஞ்சை பிடிக்காமல் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்க வேண்டும். உங்கள் 22 லட்சத்தில் சரக்குக்கு ஒதுக்கியது 3 லட்சம். தேங்காய் எண்ணெய்க்குப் போனால் இன்னும் மோசம். 2025-இல் அரைவைக் கொப்பரைக்கு மத்திய அரசின் ஆதார விலை கிலோவுக்கு 115 ரூபாய் 82 காசு. சந்தை விலை அதே வருடம் 200-ஐத் தாண்டி ஓடியது. காங்கேயத்தில் தலைமுறையாகக் கொப்பரை வியாபாரம் செய்பவர்களே திணறியிருப்பார்கள். எண்ணெய் விலையை அதே வேகத்தில் ஏற்றினால் வாடிக்கையாளர் ரீஃபைண்டு பாக்கெட்டுக்குப் போய்விடுவார். ஏற்றாவிட்டால் உங்கள் கைக்காசு. புண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் வீடு நடக்க வேண்டும். இஎம்ஐயோடு உங்கள் செலவு 72,000. மனைவி சம்பளம் போக 54,000 துண்டு விழும். 27 லட்சத்தில் 22-ஐத் தொழிலில் போட்டுவிட்டால் மீதி 5 லட்சம், ஒன்பது மாதம் தாங்கும். நாலாவது மாதத்தில் 60,000 வந்தால் சரி. வாடிக்கையாளர் சேர ஒன்றரை வருடம் ஆனால்? பத்தாவது மாதம் நல்ல வியாபாரிகூடப் பயந்து தப்பு முடிவுகளை எடுப்பார். அடி விலைக்குச் சரக்கை விற்பார், கந்துவட்டிக்குக் கை நீட்டுவார். தொழில் சரியாக இருந்தும் வீட்டுச் செலவுக்குக் காசில்லாமல் மூடிய கடைகள் ஏராளம்.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான். வேலையை விடாமல் செக்கு எண்ணெய் விற்றுப் பாருங்கள். திருப்பூர், காங்கேயம் பக்கம் கூலிக்கு ஆட்டித் தரும் செக்குகள் இருக்கின்றன. நல்ல பருப்பாக நீங்களே வாங்கி, கண்ணெதிரே நின்று ஆட்டி எடுத்து, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, உங்கள் அபார்ட்மென்ட், மனைவியின் பள்ளி, கோயில் கமிட்டி என்று தெரிந்த இடங்களில் விற்றுப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். வேலையில் இருப்பவர் வேறு தொழில் செய்யக் கூடாது என்று உங்கள் நியமன ஆணையில் இருக்கிறதா என்றும் படித்துக்கொள்ளுங்கள். இருந்தால் மனைவி பெயரில் பதிவு செய்யலாம், அவர் பள்ளி ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதில் போகக்கூடியது அதிகபட்சம் ஐம்பதாயிரம் ரூபாயும் சில ஞாயிற்றுக்கிழமைகளும். ஆனால் ஆட்டிய எண்ணெய் தெளிய எத்தனை நாள் பிடிக்கிறது, எந்தக் கடலையில் கசப்பு வருகிறது, யார் கடன் சொல்கிறார், யார் இரண்டாம் மாதம் திரும்ப வருகிறார் என்று எந்த யூடியூப் வீடியோவிலும் கிடைக்காத விஷயமெல்லாம் கைக்கு வந்துவிடும். ஒன்றரை வருடம் கழித்துத் தவறாமல் வாங்கும் வீடு நூற்றைம்பது இருந்தால், தைரியமாகக் கடிதம் கொடுங்கள். முப்பதைத் தாண்டவில்லை என்றால், நண்பனோடு பேசிய கனவு வேறு, தொழில் வேறு என்று தெரிந்துகொள்ள 22 லட்சம் செலவாகாமல் போனதே என்று இருங்கள். பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரமாகவே தொடரலாமே. எல்லா ஆசையும் முழுநேர வேலையாக மாற வேண்டும் என்று யார் சொன்னது?

நூற்றைம்பது வீடு சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கணக்கு எப்படி இருக்கும்? மாதம் இப்போது உங்களுக்கு 31,000 மிச்சமாகிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியம் போக 25,000 என்றாலும் ஒன்றரை வருடத்தில் நாலரை லட்சம். ஃபண்டில் இருக்கும் 6 லட்சத்தோடு சேர்த்தால் பத்தரை லட்சம், வீட்டுக்கு 19 மாதம் மூச்சு விட இடம். இதைப் பங்குச்சந்தை ஃபண்டிலேயே விட்டு வைக்காதீர்கள், வேலையை விடும் நேரம் பார்த்துச் சந்தை விழும். வங்கி டெபாசிட்டுக்கோ, பங்குகளில் போடாத லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றிவிடுங்கள். தொழிலுக்கு உங்கள் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 45,000 என்றால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், 26-ஆல் வகுத்து, 18 வருடத்துக்குச் சுமார் 4,67,000 வரும், வரி கிடையாது. ஒரு செக்கோடு தொடங்க அது பெரிய ஆரம்பம். போதாவிட்டால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் பிணை இல்லாமல் 10 லட்சம் வரை கடன் உண்டு. வங்கி மேலாளர் வீட்டுப் பத்திரம் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வங்கிக்குப் போங்கள். வீடும் பிஎஃப்பும் இந்த ஆட்டத்தில் இல்லை.

இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் துணிச்சல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 18 வருட வேலையை 44 வயதில் விட்டு, தெரியாத சந்தையில் ஒரு செக்கை நட்டு உட்காருவது எனக்குத் துணிச்சலாகத்தான் தெரிகிறது. தோற்றால் இரண்டு வருட உழைப்பும் ஐந்தாறு லட்சமும் போகும். உங்கள் அனுபவத்துக்குக் கோவையில் திரும்ப ஒரு வேலை கிடைக்கும், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். திரும்பி வரக்கூடிய நட்டம் அது. மகள் பிளஸ் டூ படிக்கும் வருடத்தில் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் அந்த வருடம் திரும்பி வராது. எதைப் பணயம் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று நான் பிரிப்பது இந்த இடத்தில்தான். ஆயுள் நீளமா குறுகலா என்பதை வைத்து நான் பிரிப்பதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நண்பர் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த நேரத்தில் மனசு எடுக்கும் முடிவுக்கு வேகம் அதிகம். ஆடி கழியும் வரை பெரிய தொகைக்கான எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தைத் தவிர. கடை வாடகை ஒப்பந்தம் ஓடிவிடாது. நல்ல கடை கைவிட்டுப் போகிறது என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், அந்த ஊரில் காலிக் கடைகள் எத்தனை என்று ஒரு சுற்று சுற்றி எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். வீட்டுக் கணக்கு, பாலிசி விவரம், நாமினேஷன், நெட்பேங்கிங் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை லட்சம் வரை இழந்தால் தொழிலை நிறுத்துவது என்ற எண்ணையும் அவரே அந்த நோட்டில் எழுதட்டும். நீங்கள் எழுதினால் நெருக்கடி வரும்போது திருத்திவிடுவீர்கள்.

கடைசியாக, பின்குறிப்பில் ஒரு வரியில் தள்ளிவிட்ட சர்க்கரை. ‘மற்றபடி ஆரோக்கியம்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இந்த வாரமே ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, ரத்த அழுத்தம் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், ஈசிஜியோ டிரெட்மில் சோதனையோ வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் இந்த பார்டர் சர்க்கரையை அப்படியே எழுதுங்கள். ‘அதெல்லாம் போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்’ என்று ஏஜென்ட் சொன்னால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள். ஆயுள் பாலிசி எடுத்த மூன்று வருடத்துக்குள் இறப்பு நேர்ந்தால், மறைத்த விவரத்தைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம், இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. கம்பெனி செக்கப் ரிப்போர்ட் எச்ஆர் கோப்பில் இருக்கிறது, அதைத் தேடி எடுப்பது அவர்களுக்குப் பெரிய காரியம் இல்லை. பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். பாலிசி கைக்கு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், கடலை எப்போது வாங்குவது என்று அப்போது பேசலாம்.